சுவர் எழுதியவர் பதில்கள்: சின்னம், கொடி, கரை வேட்டி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேர்தல் சின்னங்களைப் பற்றியவை. 'கட்சிகளின் லோகோ பற்றி எழுதுங்கள்' என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 1977-ல் பதினாறு வயதில் மதுரையில் ஒரு போர்டு கடையில் பிரஷ் கழுவச் சேர்ந்தவன் நான். அந்த வருஷமே தேர்தல் வந்தது. ஆள் போதாமல் என்னையும் சுவருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள் எல்லாக் கட்சிக்கும் எழுதியிருக்கிறேன். இப்போது ஒரு கல்லூரியில் வாரம் ஒருநாள் எழுத்து வரையச் சொல்லித்தருகிறேன். கைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

லோகோவும் தேர்தல் சின்னமும் ஒன்றுதானே? நம் கட்சிகள் ஏன் நல்ல டிசைனரை வைத்துச் சின்னத்தை மாற்றிக்கொள்வதில்லை?
*– விஸ்காம் மாணவி, திண்டுக்கல்*

ஒன்றில்லை அம்மா. லோகோவை ஒரு நிறுவனம் தனக்காகச் செய்துகொள்கிறது. தேர்தல் சின்னத்தைக் கொடுப்பது ஆணையம். கட்சி அதை வாங்கி வளர்க்கலாம், கட்சி உடைந்தால் பறிகொடுக்கவும் செய்யலாம்.

1951-52 முதல் பொதுத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். அப்போது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையர். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியில் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். சீட்டில் எதுவும் குறிக்க வேண்டாம். எந்தப் படம் ஒட்டிய பெட்டியில் போடுகிறோமோ அதுதான் ஓட்டு. ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை எல்லோருக்கும் வந்ததே 1962 தேர்தலில்தான். அதனால் நம் ஊரில் சின்னம் விளம்பரமாகத் தொடங்கவில்லை, ஓட்டுப் போடும் இடமாகத்தான் தொடங்கியது.

ஆணையம் தருகிற படங்களை யார் வரைந்தார்கள் என்று நான் வெகுநாள் தேடினேன். ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்று ஒரு வரைவாளர் இருந்தார். பென்சிலால் வரைவார். சாமானிய ஆள் தினம் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் உட்கார்ந்து யோசிப்பார்களாம். அவர் வரைந்து காட்டுவாராம். 1992-ல் ஓய்வு பெற்றார். இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்து விரல் வைத்த கோடுகளில் பல அந்த மனிதருடையவை. அவருக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும் என்பது என் எண்ணம்.

உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். ஏழு மாதத்தில், 1973 மே மாதம், திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். மாயத்தேவர் நின்றார். அந்தக் கட்சிக்காக இரட்டை இலை முதன்முதலாக நின்றது உங்கள் ஊர் வாக்குச்சீட்டில்தான். விளம்பரக் கம்பெனி ஒன்று கூடிப்பேசி உருவாக்கிய படம் இல்லை அது. பட்டியலில் இருந்த ஒரு படம். ஜெயித்த பிறகுதான் அதற்கு அத்தனை அர்த்தங்களும் வந்து சேர்ந்தன.

எந்தச் சின்னம் வரைய எளிது, எது கஷ்டம்?
*– ஓவிய ஆசிரியர், விருதுநகர்*

இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம் ஐயா. முதலில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சுவருக்கு வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட்டால் இடம் பிடித்தாயிற்று. இன்னொரு கட்சிக்காரர் அதில் கை வைக்க மாட்டார். அப்புறம் நூலில் காவிப்பொடியைத் தேய்த்து, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். எழுத்துக்கு மேலும் கீழும் இரண்டு கோடு, சின்னத்துக்கு ஒரு கட்டம். வர்ணப்பொடியில் வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றிக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்து நிற்பவன் சட்டையில் பாதிக் கட்சி ஒட்டிக்கொள்ளும், மீதி முதல் மழையில் போய்விடும். ஓர் இரவுக்கு ஆறேழு சுவர். ஒரு சின்னத்துக்கு ஐந்து நிமிடம். அதற்குமேல் கேட்கிற சின்னம் எங்களைப் பொறுத்தவரை கெட்ட சின்னம்.

உதயசூரியன் எளிது என்று எல்லோரும் நினைப்பார்கள். இரண்டு மலைக்கு இரண்டு வளைவு, நடுவில் அரைவட்டம், அப்புறம் கதிர்கள். புதுப்பையன்கள் இடது ஓரத்திலிருந்து கதிர் போட்டுக்கொண்டே வருவார்கள். வலது பக்கம் வரும்போது இடம் போதாமல் நெருக்கியடிப்பார்கள். சூரியன் ஒரு பக்கம் முகம் சுளித்த மாதிரி ஆகிவிடும். முதலில் நெட்டுக்குத்தாக நடுக்கதிர், அப்புறம் இரண்டு ஓரக் கதிர்கள், கடைசியில்தான் இடைவெளியை நிரப்ப வேண்டும். என் ஆசான் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

இரட்டை இலைதான் பிரஷுக்கென்றே பிறந்த சின்னம். பட்டை பிரஷை நுனியில் தொட்டு, அழுத்தி இழுத்து, தூக்கினால் பாதி இலை. திரும்ப ஒன்று, முழு இலை. நடு நரம்பை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். சூட்சுமம் காம்பில் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரே காம்பிலிருந்து கிளம்ப வேண்டும். காம்பு விலகினால் முயல் காது.

ரொம்பக் கஷ்டம், நான் முதன்முதலில் கை வைத்த காங்கிரஸின் பசுவும் கன்றும். 1977. பால் குடிக்கிற கன்று. இரண்டுக்கும் சேர்த்து எட்டுக் கால். ஆசான் கோடு போட்டுக்கொண்டே போவார், நான் பின்னால் கறுப்பு நிரப்பிக்கொண்டு வருவேன். எது பசுவின் கால், எது கன்றின் கால் என்று தெரியாமல் நிரப்பித் திட்டு வாங்கியிருக்கிறேன். அதே வருஷம் ஜனதாவுக்குச் சக்கரத்துக்குள் கலப்பை தூக்கிய உழவன். அதுவும் லேசுப்பட்டதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சக்கரம் மட்டும்தான் தெரியும்.

1978-ல் இந்திரா காந்தியின் காங்கிரஸுக்குக் கை வந்தது. எங்களுக்கு நிம்மதி. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் எனக்குத் தனியாகச் சுவர் கொடுத்தார்கள். பிரஷ் வலது கையில் இருக்கிறது. மாதிரிக்கு எதைப் பார்ப்பது? இடது உள்ளங்கையைப் பார்த்து நான்கு சுவரில் வரைந்துவிட்டேன். விடிந்ததும் பகுதியைச் சேர்ந்த ஒரு முதிய தொண்டர் வந்தார். ஒன்றும் பேசாமல் சுவரோரம் நின்று தன் வலது கையை உயர்த்திக் காட்டினார். சின்னம் வலது கை. நான் வரைந்திருந்தது இடது கை. கட்டைவிரல் மாறியிருந்தது. அவர் கையை இறக்காமல் நின்றுகொண்டே இருக்க, நான்கையும் அழித்து வரைந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அந்தப் படத்தை என்னைவிட அவர் நன்றாகப் பார்த்திருக்கிறார் என்று.

மாம்பழம், பம்பரம், முரசு மூன்றும் சுகமானவை. பம்பரத்துக்கு ஆணி கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேவலைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பஸ்ஸிலிருந்து பார்த்தால் எங்கு பார்த்தாலும் கறுப்பு சிவப்பு. எது எந்தக் கட்சிக் கொடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*– வாசகர், கரூர்*

மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் ஒன்றுமில்லை என்றால் தி.மு.க. அதே கறுப்பு சிவப்பில் நடுவே வெள்ளையில் அண்ணா கை நீட்டிக்கொண்டிருந்தால் அ.தி.மு.க. சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று பட்டை என்றால் ம.தி.மு.க. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மாதிரி. பிரிந்து போனவர்களும் வர்ணத்தை விட்டுவிட்டுப் போகவில்லை. 'நாங்களும் அந்த வழிதான்' என்று சொல்ல அதைவிடச் சுருக்கமான வார்த்தை கிடையாது.

கொடியைவிட எனக்குப் பிடித்தது கரை வேட்டி. கறுப்பு சிவப்புக் கரை என்றால் ஒரு கட்சி. நடுவில் ஒரு வெள்ளைக்கோடு ஓடினால் இன்னொன்று. விரல் அகலம் கூட இல்லை அந்தக் கோடு. ஆனால் கல்யாண வீட்டில் ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் என்று தெரிந்துவிடும். உலகத்தில் வேறெங்கு ஓர் அரசியல் அடையாளம் இத்தனை சிக்கனமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

2024 ஆகஸ்டில் விஜய் தன் கட்சிக் கொடியை ஏற்றியபோது என் மாணவர்கள் கருத்துக் கேட்டார்கள். மேலும் கீழும் அடர் சிவப்பு, நடுவில் மஞ்சள், அதில் இரண்டு யானைகள், நடுவில் வாகை மலர். அரசியலாகச் சொல்லவில்லை, பிரஷ் பிடித்தவனாகச் சொல்கிறேன்: பட்டைகள் மிக நன்றாக இருக்கின்றன, தூரத்திலும் தப்பாது. யானையும் மலரும் அச்சுக்கு வரும், கைக்கு வராது. அந்தக் காலத்தில் கொடி என்றால் தையல்காரர் துணி வெட்டி மூட்டுவது. அவரால் யானை தைக்க முடியாது.

2008-ல் ஒபாமாவுக்குச் செய்த மாதிரி ஒரு பிரசார லோகோ நம் ஊரில் வருமா?
*– கிராஃபிக் டிசைனர், சென்னை*

அந்த லோகோவை மகன் கம்ப்யூட்டரில் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். உற்றுப் பாருங்கள் தம்பி: 'ஓ' என்ற நீல வளையம், கீழே உழுத வயல் மாதிரி சிவப்பு வெள்ளைக் கோடுகள், வயலுக்கு மேலே எழும்புகிற வெளிச்சம். அதுவும் உதயசூரியன்தான்! சிகாகோவில் சோல் சென்டர் என்பவரின் குழு செய்தது. நல்ல வேலை, ஐந்து நிமிடத்தில் நானும் வரைந்துவிடுவேன். அதனால்தான் ஆதரவாளர்கள் சுவரிலும் சட்டையிலும் அவரவரே வரைந்துகொண்டார்கள்.

அந்தப் பிரசாரத்தின் எழுத்துருவும் என் மனதுக்கு நெருக்கமானது. பெயர் காதம். டொபயாஸ் ஃப்ரீர்-ஜோன்ஸ் என்பவர் வரைந்தது. எதைப் பார்த்து? நியூயார்க்கில் பஸ் நிலையம் மாதிரியான பழைய கட்டடங்களின் மேலிருந்த பெயர் எழுத்துகளைப் பார்த்து. போர்டு எழுதுகிறவன் வேலை ஒரு நாட்டின் ஜனாதிபதி வரை போயிருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் வாக்குச்சீட்டில் அந்த லோகோவெல்லாம் கிடையாது. பெயரும் கட்சியும் எழுத்தில் இருக்கும். லோகோவின் வேலை சாவடி வாசலோடு முடிகிறது. நம் ஊரில் சாவடிக்கு உள்ளேதான் சின்னத்தின் வேலையே தொடங்குகிறது. அங்கே சின்னத்துக்கு வர்ணம் கிடையாது. இயந்திரத்தில் ஒட்டிய தாளில் கறுப்புக் கோட்டுப்படம், கட்டைவிரல் அகலம். வெளியில் நீங்கள் தங்க நிறத்தில் மின்ன விட்டாலும் உள்ளே அவ்வளவுதான். அதனால் சென்னையில் புதுக்கட்சிக்கு வேலை செய்யும் உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் நாளே உங்கள் வேலையைக் கறுப்பில், கட்டைவிரல் அளவில், சாதாரணத் தாளில் அச்செடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் எனக்கு மிகப் பிடித்தது ஒபாமா லோகோ இல்லை. போலந்தின் 'சாலிடாரிட்டி'. 1980 ஆகஸ்டில் குதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது யெர்ஸி யானிஷெவ்ஸ்கி என்ற இளைஞர் வரைந்தது. வெள்ளையில் சிவப்பு எழுத்துகள். ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு, கூட்டமாக ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும். ஓர் எழுத்திலிருந்து கொடி எழும்பும். பட்டை பிரஷால், மூச்சு விடாமல் இழுத்த எழுத்து அது. பார்த்தவுடன் என் கைக்குத் தெரிந்துவிட்டது. அதைப் போல் தமிழில் கூட்டமாக நடக்கிற எழுத்து ஒன்றை வரைய இருபது வருஷமாக முயல்கிறேன். கொம்பும் சுழியும் தோள் இடிக்கவிடாமல் தடுக்கின்றன. இன்னும் விடவில்லை.

உங்களிடம் உதயசூரியன் தி.மு.க. எங்களிடம் அது தமிழர் விடுதலைக் கூட்டணி. 2004-லிருந்து நாங்கள் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டோம். சின்னம் மாறினால் மனம் மாறாதா?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

நல்ல கேள்வி ஐயா. 1977 தேர்தலில் உங்கள் கூட்டணி உதயசூரியனில் 18 இடம் வென்றது. அதே வருஷம் நான் இங்கே உதயசூரியனுக்குக் கதிர் போடப் பழகிக்கொண்டிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கமும் என்னைப் போல் ஒரு பையன் கதிர் போட்டிருப்பான் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

2004-ல் கூட்டணிக்குள் தலைமைத் தகராறு வந்து சூரியன் கைக்கு எட்டாமல் போனதும், பல தமிழ்க் கட்சிகள் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றது. 22 இடம். உங்கள் முறையில் சின்னத்துக்கு எதிரே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டுவிட்டு, அப்புறம்தான் வேட்பாளர் எண்ணுக்கு விருப்பு வாக்கு. அதாவது பட்டியல் முழுவதையும் அந்த ஒரு படம் தூக்குகிறது. அதையே சில வாரத்தில் மாற்றி ஜெயித்தது பெரிய காரியம். வீடு என்பது குழந்தை முதன்முதலில் வரைகிற படம். ஒரு முக்கோணம், ஒரு சதுரம். அதுவும் உதவியிருக்கும்.

இங்கேயும் உதாரணம் இருக்கிறது. 2019-ல் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். புதுச்சின்னம், நாள் குறைவு. வீட்டு வாசலில் நிஜப் பானையையே வைத்துக் காட்டினார்கள். 3,219 வாக்கில் வென்றார். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் தினகரன் குக்கரோடு வந்தார். 40,707 வாக்கு வித்தியாசம். ஆனால் அ.தி.மு.க. உடைந்து இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989-ல் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றபோது இரண்டு அணியும் தோற்றன. சேவலுக்கு 27 இடம், தி.மு.க.வுக்கு 150. அங்கே சின்னம் மாறியது மட்டும் இல்லை, ஆட்களே இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். ஆள் ஒன்றாக இருந்தால் படத்தை மாற்றிச் சொல்லிவிடலாம். ஆள் பிரிந்துவிட்டால் எந்தப் படமும் சேர்த்து வைக்காது. நான் பார்த்தவரை அப்படித்தான்.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்று இருக்கிறேன். பூட்டு சாவி, ஆட்டோ, கட்டில், சீப்பு என்று பட்டியல் வரும் என்கிறார்கள். எதைக் கேட்பது?
*– வாசகி, மேலூர் அருகே*

நில்லுங்கள் தாயி, கட்டாயம் நில்லுங்கள். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் படத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பிரசாரத்தில் பாதி.

முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். மைக்கில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொல்ல வேண்டும். 'பூட்டு சாவி' தாளம் போட்டு வரும். 'கை உருளை' என்றால் அது என்ன என்று கேட்பார்கள். அடுத்து, கையால் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். இரட்டை இலைக்கு இரண்டு விரல், சூரியனுக்கு விரித்த ஐந்து விரல், காங்கிரஸுக்குக் கையே சின்னம். சத்தத்தில் யாருக்கும் காது கேட்காத இடத்தில், வேன் மேலிருந்து உங்கள் கைதான் பேச வேண்டும். சீப்புக்குத் தலை வாருவது மாதிரி செய்தால் போதும், குழந்தைகள் தெருவெல்லாம் செய்துகொண்டு ஓடும்.

அப்புறம் உங்கள் தெருவில் நன்றாகக் கோலம் போடுகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அந்தப் படத்தை மாவில் போடச் சொல்லுங்கள். அவர் இரண்டு தடவை அழித்துப் போட்டால் அந்தச் சின்னம் வேண்டாம். ஒரே மூச்சில் போட்டுவிட்டால் அதை முதலில் கேளுங்கள். உங்களுக்குச் சுவருக்குச் செலவழிக்கப் பணம் இருக்காது. வாசல்கள்தான் உங்கள் சுவர். வாக்குப்பதிவு நாளில் சாவடிப் பக்கம் மட்டும் அந்தக் கோலம் இருக்கக்கூடாது, 100 மீட்டருக்குள் பிரசாரம் குற்றம்.

கடைசியாக, சீட்டில் உங்கள் சின்னத்துக்கு மேலும் கீழும் என்ன வருகிறது என்று கேட்டு வையுங்கள். நீளமான பொருளுக்குப் பக்கத்தில் இன்னொரு நீளமான பொருள் வந்தால் கண் தெரியாத பாட்டி தடுமாறுவார். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழத்தில் நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலரும் நின்றார்கள். பெயரைப் படித்தால் குழப்பம். பழத்தைப் பார்த்தால்தான் ஆள் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் சின்னம் எத்தனை பெரிய துணை என்று பாருங்கள்.

நாடாளுமன்றத்துக்கு நிற்பவரின் படம் தபால்தலை அளவிலும், தலைவர்கள் படம் பனை உயரத்திலும் இருக்கிறதே, இது என்ன வடிவமைப்பு?
*– வாசகர், நாகர்கோவில்*

இது ஃபிளெக்ஸ் வந்த பிறகு முற்றிய நோய். கையால் வரைந்த காலத்தில் ஒரு முகம் வரைய ஒரு நாள் ஆகும், அதனால் யார் முக்கியமோ அவர் மட்டும்தான். கம்ப்யூட்டரில் ஒட்டுவதற்குச் செலவில்லை என்றானதும் வட்டம், ஒன்றியம், கிளை என்று இருபது முகம். எந்த முகம் எத்தனை பெரிது என்று சண்டையே நடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பிரிண்டிங் கடையில், ஒரு நிர்வாகியின் தலை அரை அங்குலம் சிறியதாகிவிட்டது என்று பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பணமும் வரவில்லை. ஓட்டுப் போடுகிறவருக்கு அந்தப் பேனரில் ஒன்றும் இல்லை. சின்னத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் இறந்துபோனார். சுவரில் எழுதியது ஒருநாளும் யார் மேலும் விழுந்ததில்லை. நகரங்களில் சுவர் எழுதத் தடை வந்தபோது, ஊர் சுத்தமாகட்டும் என்று நானே ஒத்துக்கொண்டேன். அந்த இடத்துக்கு இரும்புச் சட்டமும் பிளாஸ்டிக் துணியும் வரும் என்று நினைக்கவில்லை.

வாட்ஸ்அப் வட்டப்படத்துக்கு எது பொருந்தும்?
*– வாசகர், கோவை*

சூரியன், பம்பரம், முரசு பொருந்தும். நீளமான எழுத்து எதுவும் வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

பழைய சுவர் எழுத்துகளைப் படம் எடுத்துச் சேர்க்கிறேன். எங்கே கிடைக்கும்?
*– ஆராய்ச்சி மாணவர், மதுரை*

சீக்கிரம் போங்கள் தம்பி. ரைஸ் மில், பஞ்சுக் கிட்டங்கி, பழைய பம்ப் செட் அறை, கோயில் நந்தவனச் சுவர், இவையெல்லாம் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. மழை விட்ட மறுநாள் காலையில் போனால் ஈரத்தில் பழைய வர்ணம் மேலே தெரியும். வெயில் ஏறினால் மறைந்துவிடும்.

முன்பு சொன்ன சேவலுக்கு வருகிறேன். 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தலுக்கு எங்கள் ஆசானுக்குச் சேவல் வேலை வந்தது. கொண்டை, தாடி, வால் இறகு, நகம் எல்லாம் வேண்டும். ஐந்து நிமிடக் கணக்கெல்லாம் உடைந்துபோயிற்று. அவர் ஆசைப்பட்டுச் செய்தார். வால் இறகு ஒவ்வொன்றையும் தனித்தனி இழுப்பாக, கறுப்பில் போட்டு மேலே நீலம் தொட்டார். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மதுரை கிழக்குத் தொகுதியில் அந்தத் தேர்தல் தள்ளிப்போனது. அதற்குள் இரண்டு அணியும் சேர்ந்து இரட்டை இலை திரும்பக் கிடைத்துவிட்டது. மார்ச்சில் அங்கும் மருங்காபுரியிலும் தேர்தல் நடந்தது, இரட்டை இலை இரண்டிலும் வென்றது. எங்களுக்கு வந்த வேலை, சேவலை எல்லாம் அழித்து இலை போடுவது.

ஒரு கிட்டங்கிச் சுவரில் மட்டும் ஆசான் சேவலை அழிக்கச் சம்மதிக்கவில்லை. 'சுண்ணாம்பை மெலிசாக அடி' என்றார். ஒரே பூச்சு அடித்தேன். மேலே இரட்டை இலை போட்டோம். ஆசான் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. போன ஐப்பசி மழைக்கு அந்தப் பக்கம் போனேன். இலையின் பச்சை பாதி உதிர்ந்து, சுண்ணாம்பு ஊறி, அடியில் இருந்து சேவலின் வால் வெளியே வந்திருக்கிறது. நீலம் கூட இருக்கிறது. கொண்டை இருந்த இடத்தில் இப்போது ஒரு மின் மீட்டர்ப் பெட்டி. இடம் எங்கே என்று பத்திரிகை அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏணி வேண்டாம், எதிர்ப்பக்கத் திண்ணையில் ஏறி நின்றால் முழுசாகத் தெரியும்.